வெண்குழியம் எண்ணிய புளியங்கொட்டைகள்

“1982 பங்குனி 9, செவ்வாய். வழுக்கி இல. 7. ஆண், வயது 46, கரைவலைத் தொழில். நீடித்த காய்ச்சல். மலேரியா இல்லை. நியூட்ரோ 81, லிம்போ 14, மொனோ 3, ஈயோ 2, பேசோ 0, பிஞ்சு 0.”

இது என் நாட்குறிப்பிலுள்ள வரி. எங்கள் பக்கம் மார்ச் மாதத்தைத்தான் பங்குனி என்போம். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எழுதுவதை அன்றன்று மாலையே என் சொந்தக் கொப்பியிலும் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. யாரும் கேட்டதில்லை. கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் வாசிப்பவர்களுக்கு நாளும் கிழமையும் குறித்துவைக்கும் வியாதியும் சேர்ந்தே வரும்போலும். அந்த வரியின் கடைசிப் பூச்சியம் பிழை. அதைத் தெரிந்துகொள்ள எட்டு நாள் பிடித்தது.

முல்லைத்தீவுப் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றில் அப்போது நான் இரத்தம் பரிசோதிப்பவளாக இருந்தேன். எது என்று எழுதப்போவதில்லை. என் அறையில் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு வாங்கு, ஒற்றைக் கண்ணால் பார்க்கும் ஒரு நுணுக்குக்காட்டி. அதற்கு மின்விளக்கு கிடையாது. கீழே இருந்த கண்ணாடியைத் திருப்பித் திருப்பி யன்னல் வெயிலைப் பிடிக்க வேண்டும். காலை எட்டு மணியிலிருந்து மதியம் வரை நல்ல வெளிச்சம் இருக்கும். அதற்குப் பிறகு வேப்பமர நிழல் யன்னலுக்கு வந்துவிடும், என் வேலையும் முடிந்துவிடும்.

வேலையில் பெரும்பகுதி மலேரியா தேடுவது. மிச்சம், வெண்குழியம் எண்ணுவது. ஒரு துளி இரத்தத்தை வழுக்கி என்கிற கண்ணாடித் துண்டில் மெல்லியதாக இழுத்து, காயவைத்து, சாயம் ஏற்றி, நூறு வெண்குழியங்களைப் பார்த்து ஒவ்வொன்றையும் இனம் பிரிக்க வேண்டும். நியூட்ரோ, லிம்போ, மொனோ, ஈயோ, பேசோ என்று ஐந்து இனம். சில வேளை ஆறாவது ஒன்றும் வரும். எலும்பு மச்சையில் வளர்ந்து முடியுமுன்பே இரத்தத்துக்குள் ஓடிவந்துவிட்ட வெண்குழியம். ஆங்கிலத்தில் அவற்றுக்கு வாய் கொள்ளாத பெயர்கள். நாங்கள் பிஞ்சு என்றோம். உடம்பில் எங்கேயாவது சீழ் பிடித்து, பட்டாளம் போதாமல் போனால் நூற்றில் இரண்டு மூன்று பிஞ்சு வரும். இரத்தப் புற்றுநோயிலும் பிஞ்சு வரும், ஆனால் அது வேறு முகம். அதனால் பிஞ்சு இருக்கிறதா, இருந்தால் எந்த முகம் என்பதுதான் டொக்டர் என்னிடம் கேட்கும் கேள்வி.

நாங்கள் என்று எழுதியது, என்னையும் ஆஸ்பத்திரி உதவியாளரான அற்றன்டன் அண்ணையையும். கண்ணை நுணுக்குக்காட்டியிலிருந்து எடுத்தால் இடம் தவறிவிடும். ஆகவே ஒருவர் பார்க்க, இன்னொருவர் கணக்கு வைக்க வேண்டும். விசையை அழுத்தி எண்ணுகிற சின்னக் கருவி ஒன்று எங்களிடம் இருந்தது. 1981 தை மாதம் அது உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகிவிட்டது. அற்றன்டன் அண்ணை முள்ளியவளை ஆள், ஐம்பது வயது, வயல்காரர். அடுத்த நாளே ஒரு சுருட்டுப் பெட்டி நிறையக் கழுவிய புளியங்கொட்டையோடு வந்தார்.

“பிள்ளை, இதுக்குள்ள சரியா நூறு கிடக்கு. நீங்கள் பேரைச் சொல்லுங்கோ, நான் போடுறன்.”

ஆறு போத்தல் மூடிகளை வரிசையாக வைத்தோம். நான் குனிந்தபடி “நியூட்ரோ, நியூட்ரோ, லிம்போ” என்று கூப்பிடுவேன். அவர் பெட்டியிலிருந்து ஒவ்வொரு கொட்டையாக எடுத்து அந்தந்த மூடியில் போடுவார். பெட்டி வெறுமையானால் நூறு முடிந்தது. பிறகு நான் மூடிகளை எண்ணி எழுதுவேன். கூட்டுத்தொகை ஒரு நாளும் நூறுக்குக் கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. அதில் எனக்கு இரகசியமாகக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

கரைவலைக்காரர் பங்குனி எட்டாம் திகதி வாட்டில் சேர்ந்தார். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். ஆள் தேக்கங்கட்டை போல. ஆனால் பதினைந்து நாளாகக் காய்ச்சல் விடவில்லை. நான் விரலில் குத்தி இரத்தம் எடுக்கப் போனபோது கட்டிலில் ஒரு பக்கமாகச் சரிந்து இருந்தார்.

“மிஸ்ஸி, நேற்றும் எடுத்தவை. என்ர ரத்தத்தை என்ன, விக்கிறியளோ?”

“நான் நேர்ஸ் மிஸ்ஸி இல்லை. ரத்தம் பாக்கிற ஆள்.”

“வெள்ளைச் சட்டை போட்டால் எங்களுக்கு எல்லாரும் மிஸ்ஸிதான். காய்ச்சலை மட்டும் கெதியா நிப்பாட்டுங்கோ. வாடை விழுந்திட்டுது, கடல் படுத்திட்டுது. இனி என்ர வலை கரையில கிடக்கக் கூடாது.”

பக்கத்தில் அவருடைய மனைவி இருந்தா. மடியில் ஒரு வலைநூல் துண்டு. அதில் வரிசையாக முடிச்சுகள். செபமாலை அறுந்து, அதற்குப் பதிலாக வைத்திருக்கிறா என்று நினைத்தேன்.

என் வழுக்கி பிஞ்சு இல்லை என்றது. டொக்டருக்கு அது திருப்தியாக இல்லை. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்தவர், மோட்டார்சைக்கிள் வைத்திருந்தார், எதையும் பாதியில் விடமாட்டார். கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அவருடன் படித்தவர் வேலை செய்தார். அங்கே வெண்குழியம் எண்ணும் மெஷின் ஒன்று வந்திருந்தது. புதன்கிழமை ஒரு குழாய் இரத்தத்தை ஐஸ் போட்ட போத்தலுக்குள் வைத்து, கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார்.

“மிஸ், அது ஒரு நிமிசத்தில பத்தாயிரம் எண்ணுமாம். நீங்கள் ஒரு காலையில நூறு.”

“சில காலையில மூண்டு ஆளுக்கு நூறு நூறு,” என்றேன்.

அற்றன்டன் அண்ணைக்கு மெஷின் மேல் பெரிய மரியாதை. “உழவு மெஷின் வந்தாப் பிறகு எருமை மாட்டைத் தேடுறதோ பிள்ளை? அதையும் வாங்கிப் போடுங்கோ. நான் கொட்டையைக் கொண்டுபோய்ப் புளிக்கறிக்காரருக்குக் குடுக்கிறன்.”

“கொட்டையில என்ன புளி இருக்கு?”

“அதுதானே, அவைக்கும் தெரியாது.”

அடுத்த திங்கள் அற்றன்டன் அண்ணை லீவு போட்டுவிட்டு முள்ளியவளைக்குச் சூடு அடிக்கப் போனார். காலபோக நெல் வெட்டி, கதிரைச் சூடாக, அதாவது போராகக் குவித்து வைத்திருந்த நேரம். மாசி, பங்குனியில் அவர் லீவு கேட்டால் மறுப்பவர் யாரும் இல்லை.

செவ்வாய், பதினாறாம் திகதி, கடிதம் வந்தது. அதனுடன் மெஷின் அடித்த ஒரு துண்டுக் கடதாசியும். ஐந்து இனத்துக்கும் நேரே எண்கள், கிட்டத்தட்ட எங்களுடையவைதான். ஆனால் அடியில் ஒரு வரி இருந்தது: பெரியவை, சாயம் ஏறாதவை, நூற்றுக்கு நான்கு. அந்த மெஷினுக்குப் பிஞ்சு என்றால் என்னவென்று தெரியாது. தன் ஐந்து கூட்டுக்குள் அடங்காத எதையும் அந்த வரியில் போட்டுவிடும். டொக்டரின் நண்பர் எழுதியது இவ்வளவுதான்: அவை வளராத குழியங்களாக இருக்கலாம். சாதாரணப் பிஞ்சு என்றால் உங்கள் ஆளின் கண்ணில் பட்டிருக்க வேண்டும், பூச்சியம் என்கிறா. அப்படியானால் இது என்ன? இரத்தப் புற்றுநோய் இல்லை என்று நிச்சயப்படுத்த ஆளை இங்கே அனுப்பு.

டொக்டர் வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு ஏற்பாடு செய்தார். வாட்டில் அவர் சொன்னபோது நானும் நின்றேன். புற்றுநோய் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. “பெரிய ஆஸ்பத்திரியில ஒருக்கால் பாப்பம்” என்றுதான் சொன்னார். ஆனால் கடற்கரை ஆட்கள் காற்றின் பேச்சையே விளங்கிக்கொள்பவர்கள்.

“எத்தினை நாள் டொக்டர்?”

“ரெண்டு கிழமை, மூண்டு கிழமை. சொல்லேலாது.”

“அப்ப வலை?”

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. இதுவரை ஒரு நாளும் சிரிப்பில்லாமல் இருந்திராத மனிதர் அன்று சுவரைப் பார்த்துச் சரிந்து படுத்தார்.

நான் அறைக்கு வந்து கடிதத்தை மீண்டும் வாசித்தேன். கோபந்தான் வந்தது. ஐஸ் வழியிலேயே கரைந்திருக்கும், நாள் கடந்த இரத்தத்தில் குழியங்கள் ஊதிப் பெருத்திருக்கும், மெஷின் அதைப் பார்த்துப் பயந்துவிட்டது. இப்படியெல்லாம் எனக்குள் வாதம் செய்தேன். வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை பஸ் ஏறப்போவது மெஷினோ நானோ அல்ல.

புதன்கிழமை காலை ஏழாம் இல வழுக்கியை மறுபடி எடுத்தேன். அற்றன்டன் அண்ணை இல்லாததால் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, கண்ணை எடுத்து, மறுபடி இடம் தேடி, தனியே எண்ணினேன். நூறு எண்ண முக்கால் மணித்தியாலம் பிடித்தது. பிஞ்சு மூன்று. இன்னொரு நூறு எண்ணினேன். இரண்டு.

கொப்பியைத் தேடி எடுத்தேன்.

முதலில் நினைத்தது, அன்று நான் கவனமில்லாமல் பார்த்திருக்கிறேன் என்றுதான். வழுக்கிகளைக் கழுவித் திரும்பப் பாவிக்கும் காலம் அது. கடைசி இருபது மட்டுமே பெட்டியில் மிஞ்சியிருந்தன. வெளிச்சம் போகும்வரை அவற்றில் மூன்றைத் தனியே எண்ணினேன். நூறு எண்ணும்போது ஒரு தடவைக்கு ஒரு தடவை வித்தியாசம் வருவது இயல்பு. ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும். இங்கே அப்படி இல்லை. ஈயோ, மொனோ போன்ற சின்ன இனங்கள் மூன்றிலுமே பதிவேட்டைவிடக் கூடியே வந்தன. ஒரே பக்கமாகச் சாய்கிற பிழை கண்ணின் பிழையல்ல என்று எங்கேயோ வாசித்த ஞாபகம்.

பிறகு கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினேன். 1981 ஐப்பசி 6, செவ்வாய்க்கு நேரே இப்படி இருந்தது: “இன்று ஒரு பேசோ. நாவற்பழம் போலக் கருநீலம். டொக்டரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.” அதே நாள் பதிவேட்டுப் பிரதியில்: பேசோ 0.

நாவற்பழத்தை நானும் பார்த்தேன், டொக்டரும் பார்த்தார். மூடிக்குள் மட்டும் அது போகவில்லை. பதினான்கு மாதப் பதிவேட்டைப் புரட்டினேன். பேசோ என்ற வரிசையில் பூச்சியத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. அது அரிதாக வருவது உண்மை. ஆனால் ஒருவருக்குமே வராமல் இருக்காது. நான் கூப்பிட்ட பேசோக்கள் எங்கே போயின?

மதிய பஸ்ஸில் முள்ளியவளைக்குப் போனேன். இறங்கி வயல் வரம்பால் கால் மணித்தியாலம் நடந்தால் களம். உழவு மெஷின் சூடு மிதித்து ஓய்ந்து நின்றது. தூற்றிய நெல் பொன் மேடாகக் குவிந்து கிடந்தது. அற்றன்டன் அண்ணை தலைப்பாகையோடு மரக்கால் கையில் பிடித்து அளக்க ஆயத்தமாக நின்றார்.

“களத்துக்குள்ள வராதேங்கோ பிள்ளை! அங்க நில்லுங்கோ. செருப்பையும் கழட்டுங்கோ!”

வரம்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். “அண்ணை, எவ்வளவு வரும்?” என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

சாக்குப் பிடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். களத்தில் அதைக் கேட்கக் கூடாதாம். “படிச்ச பிள்ளை,” என்று அற்றன்டன் அண்ணை அவர்களிடம் மன்னிப்புப் போலச் சொன்னார். பிறகு மரக்காலை நெல்லில் புதைத்து நிரப்பி, தலை வழித்து, “லாபம்” என்று சொல்லி, பக்கத்தில் வைத்திருந்த ஒரு சின்ன ஓலைப் பெட்டிக்குள் கொட்டினார். அடுத்ததைச் சாக்குக்குள் கொட்டினார். “ஒண்டு.” அடுத்தது, “ரெண்டு.”

அந்த “லாபம்” எனக்குப் பழக்கமான சத்தம். நுணுக்குக்காட்டியில் குனிந்திருக்கும்போது, என் முதுகுப் பக்கம், வாய்க்குள் முணுமுணுப்பாகக் கேட்கும். நான் கூப்பிட்ட பெயரைத் தானும் ஒருக்கால் சொல்லிப் பார்க்கிறார் என்று பதினான்கு மாதம் நினைத்திருந்தேன். அதோடு சேர்ந்து மேசைக்குக் கீழே தகரத்தில் ஏதோ விழுகிற “டங்” என்ற ஒலியும் ஞாபகம் வந்தது.

அளந்து முடிகிறவரை வாயைப் பூட்டி வைத்திருந்தேன். அவர் வரம்புக்கு வந்ததும் கேட்டேன்.

“அண்ணை, அந்த முதல் மரக்கால்?”

“அது வற்றாப்பளைக் கோயில் அம்மாளுக்கு. முதல் வாறது லாபம். எங்கட குடும்பத்தில அதை எண்ணுறேல்லை.”

“ஆஸ்பத்திரியிலயும் எண்ணுறேல்லையோ?”

கை கழுவுவீர்களா என்று நான் கேட்டதுபோல அவர் என்னைப் பார்த்தார். “அதெப்பிடிப் பிள்ளை எண்ணுறது? மொட்டைக்கறுப்பன் நெல் அளந்தால் அதுக்கொரு லாபம். பச்சைப்பெருமாள் அளந்தால் அதுக்கொரு லாபம். அதுபோல நியூட்ரோவுக்கு ஒண்டு, லிம்போவுக்கு ஒண்டு.”

“பேசோவுக்கு?”

“அதுக்கும்தான்.”

“பிஞ்சுக்கு?”

“பிஞ்செண்டு சொல்லி அம்மாளுக்குக் குறைக்கேலுமோ?” என்றார். என் முகத்தைப் பார்த்து ஏதோ குற்றம் வந்துவிட்டது என்று விளங்கியிருக்க வேண்டும். உடனே சத்தியம் பண்ணுவதுபோலக் கையை உயர்த்தினார். “ஆனால் ஆஸ்பத்திரிக் கொட்டையில நான் தொடேல்லை, பிள்ளை! லாபக் கொட்டை எல்லாம் என்ர வீட்டுக் கொட்டை. மேசைக்குக் கீழ பால்மா ரின்னுக்குள்ள அப்பிடியே கிடக்கு.”

கூட்டுத்தொகை ஒரு நாளும் பிழைக்காத காரணம் அதுதான். ஒவ்வொரு இனத்திலும் முதலாவது, அவருடைய மடியிலிருந்து எடுத்த கொட்டையாக ரின்னுக்குள் போய்விடும். அதற்குப் பிறகே ஆஸ்பத்திரியின் நூறு தொடங்கும். எண்பது நியூட்ரோவில் ஒன்று போனால் யாருக்கும் தெரியாது. நூற்றுக்கு ஒன்றே ஒன்று வருகிற பேசோவும் பிஞ்சும் மொத்தமாகவே போய்விடும்.

கரைவலைக்காரரின் கதையைச் சொன்னேன். அற்றன்டன் அண்ணை வரம்பிலேயே குந்திவிட்டார்.

“ஐயோ, அந்த மனுசன் வலையை நினைச்சுக்கொண்டு கிடக்கிறார். என்னாலயோ பிள்ளை?”

“உங்களாலயும், என்னாலயும். நான் ஒருக்காலும் திரும்பிப் பாக்கேல்லை.”

“நாளைக்கு விடியக் களத்தை இவங்கள் பாப்பாங்கள். நான் வாறன். லாபம் இல்லாமல் எண்ணுவம்.”

வியாழன், பதினெட்டாம் திகதி, எட்டு மணிக்கு முன்பே சைக்கிளில் வந்துவிட்டார். டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் திகைத்து, பிறகு கதிரையில் சாய்ந்து சிரித்தார்.

“மிஸ், கொழும்பு மெஷினுக்கு இதை எப்பிடி எழுதி விளங்கப்படுத்துறது?”

புதிதாக ஒரு துளி இரத்தம் எடுத்து, புதிய வழுக்கி இழுத்து, சாயம் ஏற்றினேன். நூறு போதாது, ஐந்நூறு எண்ணுவோம் என்று தீர்மானித்தோம். பெட்டியின் நூறு கொட்டை ஐந்து தடவை சுற்றி வரும். இந்த முறை மேசைக்குக் கீழே தகரச் சத்தம் கேட்கவில்லை. நான் முதலாவது “நியூட்ரோ” சொன்னபோது அற்றன்டன் அண்ணையின் கை ஒரு கணம் தயங்கியது எனக்கு முதுகாலேயே தெரிந்தது. பிறகு கொட்டை மூடியில் விழுந்தது. “அம்மாளே, பிறகு தாறன்,” என்றார் மெதுவாக.

பதினொரு மணிக்கு முடிந்தது. ஐந்நூற்றில் பிஞ்சு பதினான்கு.

டொக்டர் வந்து நுணுக்குக்காட்டியில் கண் வைத்தார். நான் பிஞ்சுகள் கிடந்த இடத்தை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினேன். நியூட்ரோவாக வளரப் போகிற பிஞ்சுகள்தான் எல்லாம். உள்ளே, கிருமியோடு போராடும்போது வருகிற கரிய மணிகள். பக்கத்தில் நின்ற முற்றிய நியூட்ரோக்களிலும் அதே மணிகள். புற்றுநோயின் முகம் ஒன்றிலும் இல்லை.

“இது புற்றில்லை,” என்றார் கண்ணை எடுக்காமலே. “இந்தாளுக்கு எங்கேயோ சீழ் கிடக்கு. ஆனால் எங்க?”

வாட்டுக்குப் போனோம். தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். காதுக்குள் பார்த்தார். பல்லைத் தட்டிப் பார்த்தார்.

“எங்கயாவது காயம் பட்டதோ?”

“இல்லை டொக்டர்.”

“முள்ளு, ஆணி ஏதும்?”

“இல்லையெண்டால் இல்லை.” அவர் ஏனோ மனைவியைப் பார்த்தார். அவா தரையைப் பார்த்தா.

டொக்டர் காய்ச்சல் தொடங்கிய நாளை மறுபடி சரிபார்க்க நினைத்தார். கட்டிலில் தொங்கிய நோயாளி ரிக்கற்றில் இருபத்தைந்து நாள் என்று கணக்கு வந்தது. “அம்மா, உங்கட கணக்கு என்ன?” என்று மனைவியைக் கேட்டார்.

அவா மடியிலிருந்து அந்த வலைநூலை எடுத்து முடிச்சுகளை விரலால் உருட்டி எண்ணினா. “முப்பத்தொண்டு.”

“முப்பத்தொரு நாளாக் காய்ச்சலோ?”

“காய்ச்சலுக்கு இல்லை டொக்டர். தொழிலுக்குப் போகாத நாளுக்கு நான் முடிச்சுப் போடுறனான்.”

எண்கள் ஒத்துவராவிட்டால் எனக்குப் பொறுக்காது. வாட்டில் நான் வாய் திறக்கத் தேவையில்லை, ஆனாலும் கேட்டுவிட்டேன்.

“அப்ப காய்ச்சல் இல்லாத ஆறு நாள் ஏன் போகேல்லை?”

மனைவி அவரைப் பார்த்தா. “சொல்லுங்கோ. நான் அந்தோனியார் மேல சத்தியம் பண்ணினனான், சொல்லமாட்டன். நீங்களே சொல்லுங்கோ.”

“இரும், இரும்,” என்று அவர் அவாவை அடக்கப் பார்த்தார்.

“இருக்கேலாமல்தானே ஆறு நாளும் குப்புறக் கிடந்தனீங்கள்!” என்று அவா வெடித்தா. அதற்குமேல் சத்தியம் நிற்கவில்லை. “டொக்டர், களப்புத் தண்ணியில வலை இழுத்துப்போட்டு அந்த மீன் குவியலுக்கு மேல குந்தினவர். உள்ளுக்குத் திருக்கை கிடந்திருக்கு.”

முப்பது வருடத் தொழில்காரர் திருக்கைக்கு மேல் குந்தியிருக்கிறார். அது கரையில் தெரிந்தால் அவருடைய பெயர் அவ்வளவுதான். சாகும்வரை வேறு பட்டப் பெயர். அதனால் திருக்கை வாலால் அடித்த முள்ளைத் தானே இழுத்து எறிந்துவிட்டு வாயை மூடிவிட்டார். காயத்தின் வாயும் மூடிவிட்டது. கட்டிலில் ஏன் எப்போதும் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கட்டிலின் நடுவில் பள்ளம் இருப்பதால் என்று என் கொப்பியில் எழுதியிருந்தேன். அதையும் பிறகு வெட்டித் திருத்தினேன்.

“கொழும்புக்குப் போறதுக்கு ஆயத்தம், இதைச் சொல்ல ஆயத்தமில்லை?” என்றார் டொக்டர்.

“கொழும்பில என்னை ஆருக்குத் தெரியும்?”

அன்று மதியமே டொக்டர் அந்த இடத்தைக் கீறினார். நான் அறையில் இருந்தேன். அற்றன்டன் அண்ணைதான் உள்ளே உதவிக்கு நின்று, வெளியே வந்து சொன்னார். ஆழத்தில் கிண்ணம் நிறையச் சீழ். அதற்குள் விரல் நகத்தின் நீளத்தில், அரம் போலப் பல் வைத்த முள் நுனி. அதை ஒரு மருந்துப் போத்தலில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார்.

“லாபம்,” என்றார்.

வெள்ளிக்கிழமை பஸ் கரைவலைக்காரர் இல்லாமல் போனது. சனி மாலை காய்ச்சல் இறங்கியது. அடுத்த புதன், இருபத்துநான்காம் திகதி, என் கடைசி எண்ணிக்கையில் முந்நூற்றில் பிஞ்சு ஒன்றும் இல்லை. இந்த முறை அது உண்மையான பூச்சியம். அந்த மாதம் முடியுமுன்பே வலை கடலில் இறங்கிவிட்டது. அவர் இல்லாமல் அல்ல, கரையில் நின்று கத்தினார் என்று மனைவி வந்து சொன்னா. கையோடு ஒரு பாரை கொண்டுவந்திருந்தா. பாரைமீன், என் முழங்கை நீளம். திருக்கை கொண்டுவர அவர் மறுத்துவிட்டாராம்.

கொழும்பு நண்பருக்கு டொக்டர் நீண்ட கடிதம் எழுதினார். அவர் பதிலில் எங்களைக் கேலி செய்யவில்லை. மெஷின் பிஞ்சைக் கண்டது, பெயர் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் பெயர் தெரிந்தும் தொலைத்துவிட்டீர்கள் என்று மட்டும் எழுதியிருந்தார். சரிதான். ஆனால் மெஷினின் நான்கும் எங்கள் பிஞ்சுகள்தானா, அதில் ஒன்றிரண்டு ஐஸ் கரைந்து ஊதிய லிம்போவா என்று நான் கேட்டு எழுதியதற்கு அவர் பதில் போடவில்லை.

அற்றன்டன் அண்ணையுடன் ஓர் உடன்படிக்கைக்கு வந்தேன். காலையில் முதல் வழுக்கியை வைக்குமுன்பே, எந்தக் குழியத்துக்கும் சேராமல், ஒரேயொரு கொட்டை அம்மாளுக்கு. அதன்பிறகு வருவதெல்லாம் கணக்கு. அவர் ஒரு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். “முழு நாளுக்கும் ஒரு லாபம். அம்மாள் கோவிக்கமாட்டா. மெஷின்காரர் அதுவும் குடுக்கிறதில்லையே.”

மிச்சம் அந்தப் பால்மா ரின். சித்திரை மாத விடுமுறை நாளொன்றில் அதைக் கொட்டி எண்ணினேன். ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றொரு கொட்டை. பிறகு பதிவேட்டை எடுத்து, விசைக்கருவி பழுதான நாளிலிருந்து பங்குனி பன்னிரண்டு வரை ஒவ்வோர் ஆளுக்கும் பூச்சியமில்லாமல் எழுதப்பட்ட இனங்களைக் கூட்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு லாபக் கொட்டை போயிருக்க வேண்டும். ஆயிரத்து அறுநூற்று முப்பது வந்தது. மிச்சம் அறுபத்தொன்று. அதாவது, பூச்சியம் என்று நான் எழுதிய இடங்களில் அறுபத்தொன்று உண்மையில் ஒன்று.

டொக்டரிடம் காட்டினேன். ஒற்றைப் பிஞ்சை வைத்து யாருக்கும் மருந்தை மாற்றியிருக்கமாட்டார் என்றார். ஆனாலும் நீண்ட காய்ச்சலோடு போனவர்களின் பெயர்களை என்னிடம் வாங்கி, கிளினிக்குக்கு வந்தபோது ஒவ்வொருவராகப் பார்த்தார். வந்தவர்கள் எல்லாரும் நன்றாக இருந்தார்கள்.

அந்த அறுபத்தொன்றில் பேசோ எத்தனை, பிஞ்சு எத்தனை என்று கொட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அறுபத்தொன்று என்பதும் நிச்சயமில்லை. மார்கழி மழையில் ஒரு நாள் ரின்னிலிருந்து ஒரு பிடி வறுத்துத் தின்றதாக அற்றன்டன் அண்ணை பிறகு ஒத்துக்கொண்டார். “பசி, பிள்ளை. அம்மாளிட்டைக் கேட்டுத்தான் எடுத்தனான்.”

பங்குனி ஒன்பதாம் திகதி, ஏழாம் இல வழுக்கிக்கு நான் “பிஞ்சு” என்று ஒரு தடவை கூப்பிட்டேனா, அவர் “லாபம்” என்றாரா? கூப்பிட்டதாக அவர் சொன்னார். அன்று மலேரியா வழுக்கிகளோடு சேர்த்துப் பன்னிரண்டு பார்த்தோம், எனக்கு ஞாபகமில்லை. என் நாட்குறிப்பில் அந்தப் பூச்சியத்தை நான் வெட்டவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, “ரின்னில் இருக்கலாம், உறுதிசெய்யப்படவில்லை” என்று எழுதினேன். இன்றும் அது அப்படியேதான் இருக்கிறது.